என் பாட்டில் என் பெயரைச் சேர்க்க நான் பட்ட பாடு

ராக் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பதோடு பாட்டெழுதி மெட்டும் அமைக்கிற பெண்கள் நம்மிடையே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். எனக்குச் சிக்கல் வந்தபோது, இப்படியெல்லாம் நடக்கும், இதை முன்கூட்டியே செய்துவை என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடினேன், யாரும் கிடைக்கவில்லை. நான் எழுதி மெட்டமைத்த ஆறு பாடல்கள் இன்னொருவர் பெயரில் பதிவாகியிருந்தன. அவற்றில் நான்கை மீட்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளும் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேலும் செலவாயின. மீதி இரண்டும் போனது போனதுதான். இந்தத் துறைக்கு வரும் பெண்கள், குறிப்பாகக் கீபோர்டு வாசிக்கும் பெண்கள், என்னைப் போல் தனியாக நின்று இதைக் கற்க வேண்டியதில்லை என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்து பியானோ கற்றவள் நான். கல்லூரி முடித்த கையோடு ஒரு ராக் குழுவில் சேர்ந்தேன். குழுவைத் தொடங்கிய கிட்டார் கலைஞர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர்; எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. என்னைத் தங்கச்சி என்றுதான் மேடையிலும் அறிமுகப்படுத்துவார். ஒத்திகைக்கு இடம் பிடிப்பது, நிகழ்ச்சி பேசுவது, பணம் வாங்கிப் பங்கிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. நிகழ்ச்சிப் பணம் சரியாகவே வந்தது. பாடல்களை மட்டும் யார் எழுதினாலும் மேடையில் 'எங்கள் குழுவின் பாடல்' என்றே சொல்வது வழக்கமாக இருந்தது, கேட்கவும் அது அழகாகத்தான் இருந்தது.

மேடையில் கீபோர்டு வாசிப்பவரின் நிலையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கலின் வேர் அதில் இருக்கிறது. கிட்டாரும் கீபோர்டும் பெரும்பாலும் நடு அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதும். இரண்டும் ஒரே இடத்தில் முழுக்க முழுக்க ஒலித்தால் குரல் கேட்காமல் போய்விடும். அதனால் நல்ல கீபோர்டு கலைஞர் ஒதுங்கி வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்: கிட்டார் அடர்த்தியாக ஒலிக்கும் இடத்தில் இடக்கையை எடுத்துவிடுவது, வலக்கையை ஒரு ஆக்டேவ் (எட்டு ஸ்வரம்) மேலே கொண்டுபோவது, மூன்று ஸ்வரம் போதும் என்ற இடத்தில் ஐந்தை அழுத்தாமல் இருப்பது. இசைக்கு இது மிகவும் தேவையான ஒழுக்கம். ஆனால் யார் என்ன செய்தார் என்ற கணக்கு வரும்போது, அதே ஒழுக்கத்தை வைத்துத்தான் கீபோர்டு சும்மா நிரப்பலுக்குத்தானே என்று சொல்லிவிடுகிறார்கள். பெண்ணாக இருந்தால் இது இன்னும் எளிது. என் கீபோர்டுக்கு டிஐ பாக்ஸ் (கீபோர்டை ஒலி அமைப்போடு இணைக்கும் பெட்டி) எத்தனை வேண்டும் என்று சவுண்ட் இன்ஜினியர் என்னைக் கேட்காமல் கிட்டார் கலைஞரைக் கேட்பார். நிகழ்ச்சி நடத்துபவர்கள் பலர் என்னைப் பாடகி என்றோ அன்றைக்கு மட்டும் வந்த விருந்தாளி என்றோ நினைத்துக்கொண்டு பேசுவார்கள். அந்தக் குழுவின் பாடல்களில் பாதிக்கு மேல் நான் எழுதியவை என்று சொன்னால், அப்படியா என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

பிற்பாடு எல்லாவற்றுக்கும் மையமாக மாறிய ஒரு பாடலை எடுத்துக்கொள்கிறேன். ஏ மைனரில் அமைந்த மெதுவான பாடல் அது. ஒரு பிற்பகலில் வீட்டில் தனியாக இருந்தபோது பல்லவியின் முதல் இரண்டு வரிகள் மெட்டோடு சேர்ந்தே வந்தன. பல்லவி முடிகிற இடத்தில் கிட்டார் கலைஞர் யாராக இருந்தாலும் ஜி கார்டைப் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போட்டு முடிப்பார். நான் வலக்கையில் எஃப் மேஜர் கார்டையும் இடக்கையில் ஜி ஸ்வரத்தையும் ஒருசேர அழுத்தி, அதைத் தீர்க்காமல் இரண்டு பார் (தாளச் சுற்று) நிறுத்தினேன். குரல் அந்த நேரத்தில் ஏ ஸ்வரத்தில் நிற்கும். எஃப் கார்டுக்குள் ஏ இருப்பதால் குரல் வீட்டுக்குள் இருப்பது போலவும், கீழே ஜி ஓடுவதால் வாசலில் நிற்பது போலவும் இருக்கும். கேட்பவர் அடுத்த வரிக்காகக் காத்திருப்பது அந்த இடத்தில்தான். மறந்துவிடக் கூடாது என்று கைபேசியைக் கீபோர்டின் மேல் வைத்துப் பதிவு செய்தேன். அந்தப் பதிவில் சஸ்டெய்ன் பெடல் கிறீச்சிடுவது கேட்கும். பாதியில் தவறான கட்டையைத் தொட்டுவிட்டு, "இல்ல, எஃப், எஃப்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் கேட்கும். அந்த மூன்று சொற்கள் பின்னால் எனக்கு எவ்வளவு பெரிய துணையாக வந்தன என்பதை அன்று நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

முதல் தொகுப்பை வெளியிடுவதற்கு முன்னால், யார் எந்தப் பாட்டை எழுதினார்கள் என்று ஒரு தாளில் குறித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று நானே கேட்டேன். அண்ணா முகம் வாடிப்போனார். "குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா பேப்பர்? நாளைக்கு நீயே வந்து என்கிட்ட கேட்டா நான் இல்லைன்னு சொல்லிடுவேனா?" என்றார். டிரம்ஸ் வாசித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் வற்புறுத்தினால் நான்தான் குழுவைப் பிரிக்கிறேன் என்று ஆகிவிடும் என்ற நிலை. இந்தப் பேச்சை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். அப்போது செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது: கையெழுத்து கிடைக்காவிட்டாலும், அன்று மாலையே குழுவினர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்று பேசியபடி இந்தப் பாடலின் வரிகளும் மெட்டும் நான் எழுதியவை, இந்த இடத்து ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) இன்னார் அமைத்தது, யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் பதில் எழுதுங்கள் என்று இரண்டே வரி போதும். அது கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு ஈடாகாது. ஆனால் அன்றைய தேதியில் நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், யாரும் மறுக்கவில்லை என்பதற்கு அது சான்று.

சில ஆண்டுகள் கழித்து, மனக்கசப்பு எதுவும் இல்லாமலே, வேலை காரணமாகக் குழுவிலிருந்து விலகினேன். பிறகு ஒருநாள் அந்த ஏ மைனர் பாடலை நானே தனியாகப் பியானோவில் வாசித்துப் பாடி ஒரு காணொலித் தளத்தில் ஏற்றினேன். சில மணி நேரத்தில், இந்தக் காணொலியில் பிறருக்கு உரிமையான இசைப் படைப்பு இருப்பதாக அறிவிப்பு வந்தது. தானியங்கி முறையில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்து உரிமையாளர் பெயரைத் திறந்து பார்த்தேன். வரிகள், இசை இரண்டுக்கும் நேரே அண்ணாவின் பெயர் மட்டும் இருந்தது. மற்ற பாடல்களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். நான் எழுதிய ஆறும் அப்படியே பதிவாகியிருந்தன. அவற்றில் ஒன்று விளம்பரப் படம் ஒன்றுக்கு உரிமம் கொடுக்கப்பட்டு ஓடி முடிந்தும் போயிருந்தது.

அன்றிரவு நான் தூங்கவில்லை. பணத்தைவிட வேறொன்று என்னை வாட்டியது. அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் என் பாட்டியின் மறைவைப் பற்றி எழுதியிருந்தேன்; அது இன்னொருவருடைய துக்கமாக எழுத்தில் பதிவாகியிருந்தது. பல வாரங்கள் கீபோர்டைத் திறக்கவே கை வரவில்லை. "விடும்மா, உனக்கு வராத பாட்டா? இன்னொண்ணு எழுதிக்கோ, கோர்ட்டு கேஸுன்னு அலையாதே" என்றார் அம்மா. அவர் அக்கறையில் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் இன்னொன்று எழுதினால் அதற்கும் இதே கதிதான் என்பதும் புரிந்தது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். எளிய நடையில் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாளானது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாட்டுக்குள் குறைந்தது மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. ஸ்டுடியோவில் பதிவான ஒலி மூன்றாவது. பதிவுக்கு யார் பொறுப்பேற்று முன்நின்று தயாரித்தாரோ அவருக்கு அந்த ஒலிப்பதிவின் உரிமை போகலாம். எங்கள் விஷயத்தில் ஸ்டுடியோச் செலவை அண்ணாதான் ஏற்றார், ஆகவே ஒலிப்பதிவு அவருடையது என்பதை நான் எப்போதும் மறுக்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவு கையில் இருப்பதாலேயே வரிகளும் மெட்டும் அவருடையவை ஆகிவிடா. இந்த வேறுபாடு தெரியாமல் பேச்சுவார்த்தைக்குப் போனால், நான்தானே காசு போட்டேன் என்ற ஒரே பதிலில் வாயடைத்துப்போவீர்கள். அடுத்து, 19ஆம் பிரிவு: உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார் என்றால் அது எழுத்தில், கொடுத்தவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். குழுவுக்குன்னு சொல்லித்தானே கொடுத்தே என்கிற வாய்ப்பேச்சு உரிமை மாற்றம் ஆகாது. எழுதிக் கொடுத்திருந்தாலும் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உரிமையையே விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே இருக்கும். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, படைத்து முடிக்கும்போதே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் முதல் தோற்றச் சான்றாக நிற்கும், மறுப்பவர்தான் மாறாக நிரூபிக்க வேண்டும். இத்தனை பாடுபட்ட பிறகு சொல்கிறேன்: அந்தச் சிறு கட்டணத்தைக் கட்டிப் பதிவு செய்வது மிகவும் மலிவான காப்பு.

சான்று திரட்டியதுதான் நீண்ட வேலை. பழைய கைபேசி ஒன்று இயங்காமல் கிடந்தது. அதிலிருந்த பதிவுகளை மீட்கவே ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. நான் எப்போதும் ஒத்திகைகளை என் வாசிப்பைத் திருத்திக்கொள்வதற்காகப் பதிவு செய்து வைப்பேன். அந்தப் பழக்கம் காப்பாற்றியது. கணினியில் டெமோ செய்த கோப்புகள், நோட்டுப் புத்தகத்தில் அடித்தும் திருத்தியும் எழுதிய வரிகள், "அண்ணா, புது பாட்டு ஒண்ணு அனுப்பியிருக்கேன், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, "செமம்மா, எங்கேர்ந்து புடிச்சே இந்த கார்டை" என்று அவர் அனுப்பிய பதில், இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ஆறில் இரண்டு பாடல்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவை ஒத்திகை அறையில் எல்லோரும் இருக்கும்போது பிறந்தவை. நான் பாடிக் காட்டினேன், அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். என் நினைவைத் தவிர அவற்றுக்கு வேறு சான்று இல்லை.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தி. மின்னணுப் பதிவுகளைச் சும்மா பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் நீதிமன்றம் ஏற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, அவற்றோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் (கோப்பிலிருந்து கணினி கணக்கிடும் கைரேகை போன்ற ஓர் எண்) அதில் இருக்க வேண்டும். ஆகவே மூலக் கோப்பைத் திறந்து வெட்டிச் சுருக்கி வேறு பெயரில் சேமிக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எடுத்துவிட்டுச் செய்தியை அழிக்காதீர்கள். பழைய கைபேசியை விற்காதீர்கள்.

வழக்கறிஞர் தேடியதில் முதல் இருவரிடம் ஆலோசனைக் கட்டணம் கட்டியதுதான் மிச்சம். ஒருவர் சொத்து வழக்கு பார்ப்பவர். மெட்டுக்கும் பதிவுக்கும் வேறுபாட்டை நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அறிவுசார் சொத்துரிமையை மட்டும் பார்க்கும் ஒரு பெண் வழக்கறிஞர் கடைசியில் கிடைத்தார். அவர் முதல் சந்திப்பிலேயே ஒரு பழைய வழக்கைப் படித்துவிட்டு வரச் சொன்னார். புரோகோல் ஹேரம் என்ற ஆங்கிலேயக் குழு 1967இல் வெளியிட்ட 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் தொடக்கத்தில் ஒலிக்கும் ஆர்கன் இசையை அமைத்து வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். ஆனால் இசை என்ற இடத்தில் பாடகர் கேரி புரூக்கரின் பெயர் மட்டுமே இருந்தது. ஃபிஷர் 2005இல் வழக்குத் தொடுத்தார். 2006இல் உயர் நீதிமன்றம் அவரை இணை ஆசிரியராக ஏற்று இசை உரிமையில் 40 விழுக்காடு கொடுத்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வளவு காலம் தாழ்த்திவிட்டார் என்று சொல்லிப் பணப் பங்கை மறுத்தது. 2009 ஜூலையில் பிரபுக்கள் அவை அதைத் திருப்பிக் கொடுத்தது. கீபோர்டு பகுதி வெறும் நிரப்பல் அன்று, அது பாட்டின் உடலே ஆகலாம் என்று ஒரு நாட்டின் உச்ச மன்றம் சொன்ன செய்தியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே வழக்கில் கசப்பான பகுதியும் உண்டு. அவர் கேட்கத் தொடங்கிய பிறகான வருவாயில்தான் பங்கு கிடைத்தது. அதற்கு முந்தைய முப்பத்தெட்டு ஆண்டுகளின் பணம் கிடைக்கவில்லை. நம் நாட்டிலும் பதிப்புரிமை மீறலுக்கு இழப்பீடு கேட்க, மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கால வரம்பு. மனம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுவது எவ்வளவு விலை வாய்ந்தது என்பது அப்போது உறைத்தது. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் சொற்களே இல்லாமல் பாடிய கிளேர் டோரியின் கதையையும் வழக்கறிஞர் சொன்னார். முப்பது பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போன அவர், 2004இல் வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான், அந்தப் பாட்டில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டோடு இணைந்து ஆசிரியர் என்று பெயர் பெற்றார்.

அறிவிப்புக் கடிதம் போன பிறகு, அண்ணா தரப்பினர் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பேச வந்தார்கள். பாட்டு முழுவதையும் தாம் கிட்டாரில் அமைத்ததாகவும், நான் அதற்குக் கீபோர்டு சேர்த்ததாகவும் அவர் சொன்னார். அவரோடு சண்டையிடும் தெம்பு எனக்கு இல்லை. "அண்ணா, பல்லவி முடியுற இடத்துல குரல் ஏ-ல நிக்குதே, உங்க கிட்டார்ல அங்க ஜி கார்டுதான் இருக்கு. ஜி கார்டை வெச்சு மெட்டுப் போட்டா குரலை அங்க நிறுத்தத் தோணுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பிறகு கைபேசிப் பதிவை வழக்கறிஞர் ஒலிக்கவிட்டார். 'இல்ல, எஃப், எஃப்' என்ற என் குரல் அந்த அறையில் கேட்டபோது அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவர் மீது எனக்கிருந்த மரியாதை அன்றும் முற்றிலும் போய்விடவில்லை. அதனால்தான் அந்த நாள் அவ்வளவு வலித்தது. குழுவின் டிரம்ஸ் கலைஞர், நான் கேட்காமலே, நான்கு பாடல்கள் என்னிடமிருந்துதான் வந்தன என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தார்.

அவசர இடைக்காலத் தடை கோராத வணிக வழக்குகளில், தாக்கல் செய்வதற்கு முன்பே சமரசப் பேச்சுக்குப் போவது 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து கட்டாயம். என் வழக்கு அந்தக் கட்டத்திலேயே முடிந்தது. நான்கு பாடல்களுக்கும் வரிகளும் மெட்டும் என்னுடையவை என்று பதிவுகள் திருத்தப்பட்டன. ஒன்றில் இடையிசை ரிஃப் உண்மையில் அவர் அமைத்தது. அதற்கு அவருக்கு உரிய பங்கை நானே எழுதிக் கொடுத்தேன். விளம்பரப் பணத்தில் ஒரு பகுதி வந்தது. வழக்கறிஞர் கட்டணம், கோப்பு மீட்பு, பயணம், அந்த நாட்களில் நான் விட்ட, கூலிக்கு வாசிக்கும் செஷன் வேலைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வந்ததைவிடப் போனதுதான் அதிகம். இடையில் என் இரண்டாவது கீபோர்டையும் விற்க வேண்டியிருந்தது. அதிலிருந்த ஆர்கன் ஒலிகளைப் பல ஆண்டுகளாகச் செதுக்கி வைத்திருந்தேன். விற்பதற்கு முன் அவற்றைக் கணினியில் எடுத்துவைத்தேன் என்பது ஓர் ஆறுதல்.

இப்போது நான் எந்தக் குழுவோடு வேலை செய்தாலும், பாட்டு முடிந்த அன்றே, ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன், ஒரு பக்கத் தாளில் பங்குப் பிரிவை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் முழுப் பெயர், வரிகளில் இத்தனை விழுக்காடு, இசையில் இத்தனை விழுக்காடு, மொத்தம் நூறு. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் கிறிஸ்டின் மெக்வீயை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஃபிளீட்வுட் மாக் குழுவில் கீபோர்டு வாசித்து, பாடி, பாட்டெழுதியவர் அவர். அந்தக் குழு 1988இல் தன் வெற்றிப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது, அமெரிக்கப் பதிப்பில் இருந்த பதினாறில் எட்டு அவர் தனியாகவோ இணைந்தோ எழுதியவை. நமக்கு அது தெரிவதற்குக் காரணம், அந்தக் குழுவில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைத் தனித்தனியே அச்சிட்டதுதான். குழு என்று மொத்தமாகப் போட்டிருந்தால், மேடையின் ஓரத்தில் அமர்ந்திருந்த அந்தப் பெண் பாதிப் பாட்டுகளுக்குச் சொந்தக்காரர் என்று யார் அறிந்திருப்பார்கள்?

பங்குத் தாளோடு வேலை முடிவதில்லை. பாட்டெழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் உரிமத் தொகையை வசூலித்துக் கொடுக்கும், இந்தியாவில் 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் தனிப்பட்ட முறையில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு அங்கே பதிய வேண்டும். நீங்கள் பதியாத பாட்டை இன்னொருவர் பதிய இடம் இருக்கிறது. ஒலிப்பதிவுக்குக் கொடுக்கப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் வேறு, பாட்டுக்குக் கொடுக்கப்படும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. எண் வேறு, இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாடல்களை இணையத் தளங்களுக்கு அனுப்பும் கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும் அனுமதியாவது உங்களுக்கு இருக்க வேண்டும். குழு உறுப்பினராக இல்லாமல் கூலிக்கு வாசிக்கப் போகும் செஷன் வேலை என்றால், ரசீதில் கையெழுத்திடும் முன் பின்பக்கத்தையும் படியுங்கள். வாசிப்பவர் என்று பெயர் குறிப்பிடச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அங்கே போய் ஒரு புது மெட்டை நீங்களே உருவாக்க நேர்ந்தால் அது வாசிப்பு அன்று, படைப்பு. வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பேசிவிடுங்கள்.

ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களுக்கு வரிசை முக்கியம். தெரிந்தவுடனே சமூக ஊடகத்தில் எழுதிவிடாதீர்கள். உங்கள் பெயர் இல்லாத பக்கங்கள் மாற்றப்படுவதற்கு முன்பே தேதியோடு சேமித்துவிடுங்கள். பிறகு சான்றுகள், பிறகு வழக்கறிஞர், அதன்பின் அறிவிப்பு. இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் என் வங்கிக் கணக்கில் ஒரு சிறு தொகை வந்தது. கூடவே, பாட்டுக்கான கணக்கு முடிந்தது, வாழ்க வளமுடன் என்று ஒரு செய்தி. வழக்கறிஞர் அன்றே என்னைப் பதில் எழுதச் சொன்னார்: இந்தத் தொகையைப் பகுதித் தொகையாக மட்டுமே பெற்றுக்கொள்கிறேன், என் உரிமைகள் எதையும் இதனால் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு தொகை உங்களுக்கும் வந்தால், செலவு செய்வதற்கு முன் இந்த வரியை எழுதி அனுப்பிவிடுங்கள்.